ரைட்டு சைடு கேக்கல

சுபாஷ் மூன்றாவது தடவையாக ஹெட்செட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் கண்ணாடி மேசைமேல் வைத்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அதைச் சுருட்டி அவன் சட்டைப் பையிலேயே திணித்து அனுப்பியிருப்பேன். மதியம் வரை வியாபாரம் வேறு மந்தம்.

"அக்கா, இதுவும் ரைட்டு சைடு கேக்கல."

"முதல்ல குடுத்ததும் ரைட்டு சைடு கேக்கல. மாத்திக் குடுத்ததும் ரைட்டு சைடு கேக்கல. இப்ப இதுவுமா? உனக்குன்னு பாத்து ரைட்ட மட்டும் கட் பண்ணி அனுப்பறானா கம்பெனிக்காரன்?"

"வூட்ல போட்டுப் பாத்தா கேக்கலக்கா. நான் இன்னா பண்றது?"

கடை போர்டில் என் வீட்டுக்காரர் சாதுல்லாவின் பெயர்தான் இருக்கும். அவர் குவைத்துக்குப் போய் வருஷக்கணக்காகிறது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மொபைல் சாமான் வாங்குகிறவர்களுக்கு இது பாயம்மா கடை. ஷர்புன்னிசா என்று என் பெயரைச் சொன்னால் பக்கத்துக் கடைக்காரனுக்கே தெரியாது. ஆனால் என் காதை எல்லோருக்கும் தெரியும். ஒரு ஹெட்செட் தேறுமா தேறாதா என்று நான் சொல்லிவிட்டால் சந்தையில் அதுதான் தீர்ப்பு.

பாட்டுப் போட்டுப் பார்த்து ஹெட்செட் வாங்குகிறவன் ஏமாந்தவன். திடும் திடும் என்று அடித்தால் நல்ல பீஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தகர டப்பாவைத் தட்டினாலும்தான் அடிக்கும். சென்னையிலிருந்து புது லாட் வந்து இறங்கினால் நான் முதலில் போட்டுக் கேட்பது ஒரு பெண் செய்தி வாசிப்பதை. அவள் வாயிலிருந்து வருகிற ச-வும் ஷ-வும் காதைக் கீறினால் அந்த லாட் அப்படியே திரும்பிப் போகும். அடுத்தது ஆண் குரல். கிணற்றுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கக் கூடாது. பிறகு பின் பக்கத்து வயரைப் பிடித்து ஆட்டுவேன். கரகரவென்றால் ஒரு மாசம்கூட வராது. கடைசியாக ஒரு வீடியோ. அதில் ஒரு இங்கிலீஷ்காரி "லெஃப்ட்... ரைட்..." என்று மாறி மாறிச் சொல்வாள், அந்தந்தப் பக்கத்தில் மட்டும் கேட்கும்.

சுபாஷ் வாங்கியது ஜம்போ டோன். அந்த விலைக்கு மோசமில்லாத சாமான். பேச்சு தெளிவாக வரும், கீழ்ச் சத்தம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். வயர்தான் மெலிசு, பாவாடை நாடா மாதிரி முறுக்கிக்கொள்ளும். காதில் வைக்கிற ரப்பர் மூன்று சைஸ் தருவான், நடு சைஸ் நம்மூர்க் காதுக்கு உட்காரும். நானே பார்த்து எடுத்த லாட் அது. அதில் குறை சொன்னால் எனக்குப் பொத்துக்கொண்டு வராதா?

அவன் கண் எதிரிலேயே போட்டுப் பார்த்தேன். லெஃப்ட், ரைட் இரண்டும் மணி மணியாகக் கேட்டது.

"எனக்கே காது குத்தப் பாக்கறியா? நல்லா கேக்குது பாரு. உன் காதுல இருக்கற அழுக்க எடுத்துட்டு வா, போ."

வேறு பையனாக இருந்தால் இதற்கு மேலும் திட்டியிருப்பேன். இவன் அப்படிப்பட்டவன் இல்லை. சின்னசேலம் போகிற வழியில் கிராமம். அப்பா செல்லமுத்து குத்தகை நிலத்தில் மரவள்ளி போடுகிறவர். சுபாஷ் போலீஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தான். படிப்பு என்றால் வெறும் பேச்சுப் படிப்பு இல்லை. காட்டில் தண்ணீர் பாய்ச்சும்போதும் காதில் பாடத்தைப் போட்டுக்கொண்டு திரிகிறவன். எழுத்துத் தேர்வில் பாஸ். ஓட்டத்தில், கயிறு ஏறுவதில் பாஸ். பாக்கி மெடிக்கல்தான். அதற்கு இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அந்த ஊரில் அரசாங்கச் சம்பளம் வாங்கின ஆளே கிடையாது, இவன்தான் முதல் ஆள் என்று செல்லமுத்து போகிற பஸ்ஸை நிறுத்திச் சொல்லாத குறை.

அந்த நேரம் பார்த்து வேடியப்பன் உள்ளே வந்தார். வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர், சார்ஜர் கெட்டுப்போனால் என்னிடம்தான் வருவார். சுபாஷைப் பார்த்ததும் முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

"யப்பா, நீதான அது? காலைல மலை ரோட்ல ஓடிக்கினு இருந்தது?"

சுபாஷ் தலையாட்டினான்.

"பின்னால ஆரன் அடிச்சிக்கினே வரேன். எவனா இருந்தாலும் ஓரமா ஒதுங்குவான். நீ இன்னாடான்னா நேரா என் வண்டி மூஞ்சிலயே வந்து வுழற. பிரேக் புடிக்கலன்னா இன்னிக்கி உனக்குப் பால் தெளிச்சிருப்பாங்க."

"ஹெட்செட் போட்டிருந்தேண்ணா. கேக்கல."

"காதுல ஒண்ணுமே இல்லியேப்பா. நான்தான் பாத்தனே. ஆரன் கேட்டுத்தான் திரும்பன நீ. எந்தப் பக்கம்னு தெரியாம இந்தப் பக்கம் வந்துட்ட."

சார்ஜரை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்காக எங்கள் வரிசையில் பாதிக் கடைகளின் ஷட்டர் இறங்கியிருந்தது. நான் தொழுகைக்குப் பள்ளிவாசல் போகிறதில்லை என்றாலும் மரியாதைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கும் இறக்கினேன். சுபாஷ் போகவில்லை. ஜம்போ டோனையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு மனசுக்குள் ஏதோ உறுத்தியது.

"இங்க வா. நானே மாட்டிவுடறேன், கண்ண மூடிக்கோ."

மூடிக்கொண்டான். ஆர் என்று போட்டிருந்ததை அவனுடைய இடது காதில் வைத்தேன். எல் என்று போட்டிருந்ததை வலது காதில் வைத்தேன். இங்கிலீஷ்காரியைப் பேசவிட்டேன்.

"இன்னா கேக்குது?"

"ரைட்டு கேக்குதுக்கா," என்றான். முகம் அப்படியே மலர்ந்துபோனது. "ரைட்டு வந்துடுச்சு. இப்ப லெஃப்ட்டுதான்..."

சொல்லிக்கொண்டு வந்தவன் நிறுத்தினான். கண்ணைத் திறந்து இரண்டையும் காதிலிருந்து எடுத்தான். அதில் இருந்த குட்டி எழுத்துகளைப் பார்த்தான். எது எந்தக் காதில் இருந்தது என்று அவனுக்குப் புரிய எவ்வளவு நேரமாகிவிடும்? சத்தமில்லாமல் கண்ணாடிமேல் வைத்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியும்தானே?" என்றேன். என் குரலில் இருந்த சூடெல்லாம் போய்விட்டிருந்தது.

"சந்தேகமா இருந்துச்சு."

"அப்பறம் எதுக்குடா மாத்தி மாத்தி எடுத்துக்கினு வந்த?"

"நீங்க ஒரு தடவ பீஸுதான் கோளாறுன்னு சொல்லிட்டா, எனக்கு ஒண்ணும் இல்லன்னு ஆயிடும் இல்ல." என் முகத்தைப் பார்த்தான். "சும்மாவாச்சும் சொல்லுங்களேன்க்கா. பீஸு சரியில்லன்னு."

"இல்லாத கோளாற எப்படிடா சொல்லுவேன்?"

அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன். அவனும் மறைக்கவில்லை.

ஜனவரியில் அவர்கள் சாதி ஜனங்கள் தனி ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்களே, அப்போது நடந்தது. சுபாஷ் போகவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறான். போலீஸ் வேலைக்கு எழுதியிருக்கிறவன் மறியலில் போய் உட்கார்ந்து கேஸ் ஆகிவிட்டால் என்ன ஆகும்? செல்லமுத்து விடவில்லை. "உங்களுக்கு வேல வேணும்னுதானடா ஊரே வெயில்ல வந்து ஒக்காருது, நீ வூட்ல குந்திக்கினு இருப்பியா?" என்று கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். கல் எறிந்தது யார், முதலில் ஓடியது யார் என்று இவனுக்குத் தெரியாது. கூட்டம் கலைந்து ஓடினதில் அப்பாவும் பிள்ளையும் பிரிந்துவிட்டார்கள். கரும்புக் காட்டு ஓரத்தில் இவன் ஒரு போலீஸ்காரர் கையில் மாட்டியிருக்கிறான். எந்த ஊர்க்காரர் என்றுகூடத் தெரியாது, பந்தோபஸ்துக்கு வெளியிலிருந்து வந்தவர். சட்டையைப் பிடித்து ஒரே ஒரு அறை. உள்ளங்கையை விரித்து, காதோடு சேர்த்து.

"அறைஞ்சிட்டு, ஓடிப் போடா, இல்லன்னா பேர எழுதிடுவேன்னாரு. நான் கும்பிட்டுட்டு ஓடியாந்தேன்க்கா. கேஸ் இல்லாம ஒரு அறையோட தப்பிச்சிட்டேன்னு சாமிக்கி தேங்கா கூட ஒடச்சேன்."

"ஆஸ்பத்திரிக்கு ஏன் போவல?"

"போனா எப்படி அடிபட்டுதுன்னு கேப்பாங்க, எழுதுவாங்க. அது ஸ்டேஷனுக்குப் போவும். அங்க என் பேரு வந்துட்டா வேலையே போச்சு. தன்னால சரியாயிடும்னு பூண்டு போட்டு எண்ண காய்ச்சி ஊத்திக்கினேன். அப்பறம் சீழ் வந்துச்சு. அப்பறம் லாக்டவுன் வந்துடுச்சு."

யா அல்லா. காதுக்குள் கிழிந்திருக்கிற இடத்தில் காய்ச்சின எண்ணெய்.

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் கூடாது. எம் பையன் மேல ஒரு அடி படலன்னு சொல்லிக்கினு திரியறாரு. அவருதான் கூப்ட்டுக்கினு போனாரு. தெரிஞ்சா மருந்தக் குடிச்சிடுவாருக்கா, அவர எனக்குத் தெரியும்." என் கையைப் பிடிக்க வந்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். "நீங்க யாரு கிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன்.

பிறகு அவன் எழுந்தான். மெடிக்கலில் காதை எப்படிப் பார்ப்பார்கள் என்று போய்வந்தவர்களிடம் கேட்டுவைத்திருந்தான். முதுகைக் காட்டி நிற்க வைத்து, ஒரு காதை விரலால் அடைக்கச் சொல்லி, பின்னால் நின்று மெல்லப் பேசுவார்களாம். சொன்னதைத் திருப்பிச் சொல்லணுமாம். ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றான். எனக்கு வேண்டாம் என்றிருந்தது. ஆனால் அவன் அதற்குள் போய் சார்ஜர் மாட்டியிருக்கிற சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுவிட்டான். இடது காதை விரலால் அழுத்தி அடைத்துக்கொண்டான். ஜும்மா நேரத்தில் எங்கள் சந்து அவ்வளவு அமைதியாக இருக்கும், அதைவிட நல்ல நேரம் அந்தச் சோதனைக்குக் கிடைக்காது.

நான் கடைக் கோடிக்குப் போய் நின்று வாயில் வந்த ஊர்ப் பெயர்களை முணுமுணுத்தேன். "கரியாலூர்." அவன் அசையவில்லை. "சின்னசேலம்." அசையவில்லை. இரண்டு எட்டு முன்னால் வந்து கொஞ்சம் சத்தமாக, "வெள்ளிமலை," என்றேன். பிறகு இன்னும் பக்கத்தில் போய், "கள்ளக்குறிச்சி," என்றேன். பிறகு என்ன சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை, சுபாஷ், சுபாஷ் என்று அவன் பெயரைத்தான் சொன்னேன் போலிருக்கிறது.

அவன் நேராக, கால்களைச் சேர்த்து, பரேடில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"நான் ரெடிக்கா," என்றான். "ஆரம்பிங்க."

நான் பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாளே சேலத்தில் ஒரு காது டாக்டரிடம் அவனைத் துரத்தி அனுப்பினேன். மெடிக்கலுக்கு முன்னால் ஏதாவது செய்ய முடியாதா என்ற நப்பாசை. டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, அடிபட்ட அன்றைக்கே வந்திருந்தால் அந்த ஜவ்வு பெரும்பாலும் தன்னாலேயே கூடியிருக்கும், தண்ணீரோ எண்ணெயோ படாமல் வைத்திருந்தாலே போதும் என்றாராம். இப்போது சீழ் உள்ளே போய் எலும்பையும் அரித்துவிட்டது, ஆபரேஷன் செய்யலாம், ஆனால் கேட்கும் என்று கையெழுத்துப் போட்டுத் தர முடியாது என்றாராம். பஸ்ஸை விட்டு இறங்கி வந்து இதைச் சொன்னபோது சுபாஷ் அழவில்லை. நான் யாரைத் திட்டுவது? அறைந்த கையையா, கூட்டிக்கொண்டு போன கையையா, எண்ணெய் ஊற்றிய கையையா? திட்டுகிறதுக்கு ஆள் கிடைக்காமல் நான் கோபத்தை அடக்கினது என் வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

அவன் மெடிக்கலுக்குப் போனான். போகாமல் இருந்துவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு எல்லாம் சரியாக இருந்ததாம். கண், நெஞ்சு, கால், எல்லாம். காதுக்கு வந்தபோதுதான்.

"நல்ல டாக்டருக்கா," என்றான் திரும்பி வந்தவன். "உடனே எழுதிடல. கிட்ட வந்து, இன்னும் கிட்ட வந்து, திருப்பித் திருப்பிச் சொல்லிப் பாத்தாரு. மூச்சுக்காத்து முதுகுல படுது, பேச்சு மட்டும் வரல. நான் தெரிஞ்ச ஊர்ப் பேரெல்லாம் சொல்லிப் பாத்தேன். ஒண்ணுமே சரியா இல்ல போல."

அந்த வாரமே அவன் திருப்பூருக்கு பஸ் ஏறினான். பனியன் கம்பெனியில் மெஷின் சத்தத்தில் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது, அங்கே ஒரு காது கம்மி என்றால் ஒன்றும் ஆகாது என்றான். அன்றைக்குக் கடையிலிருந்து திரும்ப எடுத்துப் போயிருந்த ஜம்போ டோனை அவன் கூடக் கொண்டுபோகவில்லை, வீட்டிலேயே விட்டுவிட்டான் என்பது பிறகுதான் தெரிந்தது.

அவன் அடிபட்ட அடுத்த மாசம், பிப்ரவரியிலேயே, அவர்கள் கேட்ட தனி ஒதுக்கீடு வந்திருந்தது. பட்டாசு வெடித்தார்கள். என் கடைக்குக்கூட லட்டு கொண்டுவந்து கொடுத்தார் செல்லமுத்து. சுபாஷ் திருப்பூர் போன பிறகு, நவம்பரில் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அந்த வாரம் நல்ல மழை. பஜாரில் ஒரே பேச்சாக இருந்தது, மறுபடி ரோட்டுக்கு வருவார்கள் என்று. அப்படி ஒரு காலையில் செல்லமுத்து கடைக்குள் ஏறி வந்தார். தலையில் உரச் சாக்கை மடித்துப் போட்டிருந்தார். கையில் ஜம்போ டோன் இருந்தது. அதைக் கண்ணாடிமேல் எறிந்தார்.

"இது நீ வித்ததுதானே பாயம்மா?"

"ஆமாங்க."

"எம் புள்ள காத வாங்கிட்டியே. நல்லா இருப்பியா நீ?"

கடையில் இரண்டு பேர் சாமான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியில் மழைக்கு ஒதுங்கி நின்றவர்களும் திரும்பினார்கள்.

"எங்க ஊருல ஒருத்தனும் ஏறாத படி ஏறினான் அவன். எல்லாத்துலயும் பாஸு. காது கேக்கலன்னு தள்ளிட்டாங்க. எப்படிடா ஆச்சுன்னு கேட்டா, இத ராத்திரி பகலா மாட்டிக்கினு படிச்சேன் பாரு, அதுல போச்சுப்பான்றான். மட்டமான சாமான வித்து ஒரு குடும்பத்தையே அழிச்சிட்டியே. உனக்கும் புள்ளைங்க இருக்குதில்ல?"

என் வாய் திறந்துவிட்டது. ஜம்போ டோனை நான் அறிவேன். நானே கேட்டு எடுத்த லாட். ஒரு பக்கக் காது மட்டும் ஹெட்செட்டால் எப்படி ஐயா போகும், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் என்று கேட்பதற்கு வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. கடைப் பெயர் கெடுகிறது, நாலு பேர் பார்க்கிறார்கள். அப்போதுதான் இந்த ஹெட்செட் பேச்சை இவரிடம் சொன்னது யார் என்று எனக்கு உறைத்தது. எதற்காகச் சொன்னான் என்றும்.

வாயை மூடிக்கொண்டேன்.

நான் பதில் பேசாததும் அவருக்குச் சத்தம் இறங்கிவிட்டது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். சுபாஷ் உட்கார்ந்த அதே ஸ்டூல். நனைந்த சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையெல்லாம் ஈரம்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லும்மா," என்றார். "அன்னிக்கி ரோட்டுக்கு நான்தான் அவன இட்டுக்கினு போனேன். வரலப்பா வரலப்பான்னுதான் சொன்னான். போலீசு தொரத்தறப்ப கைய வுட்டுட்டேன். பொழுது சாஞ்சி வூட்டுக்கு வந்தவன் இந்தப் பக்கமா ஒருக்களிச்சிப் படுத்துக்கினான். சோறு துன்னல. நானும் ஓடி வந்த அலுப்புன்னு வுட்டுட்டேன். இப்ப அதையே நெனச்சிக்கினு கெடக்கறேன். அங்க எதனா பட்டுடுச்சோ, என்னாலதானோன்னு..." கண்ணாடிமேல் கிடந்த ஹெட்செட்டைக் காட்டினார். "உனக்குத்தான் இதெல்லாம் நல்லாத் தெரியும்ன்றாங்க. நெசமா இதாலதான் போச்சா?"

வெளியில் நிற்கிறவர்களும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதாலதாங்க," என்றேன். "பீஸுதான் கோளாறு. அவன் மூணு தடவ வந்து சொன்னான். நான்தான் கேக்கல."

"நெசமா?"

"நெசமாதாங்க. வேற ஒண்ணும் இல்ல."

அவருக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது. பிறகு எழுந்து, பிள்ளையின் காதைக் கெடுத்த என்னைப் பார்த்து இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார்.

சாமான் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் எதுவும் வாங்காமல் போய்விட்டார்கள். ஹெட்செட் கண்ணாடிமேலேயே கிடந்தது. அதை நான் போட்டுப் பார்க்கவில்லை.